தேய்த்த காசு

முருகேசுவின் கடை மேசையில் ஒரு அலுமினியக் கோப்பை எப்போதும் இருக்கும். அரைக்கோப்பை தண்ணீர். மீன் விற்கும் பெண்கள் காசைக் கையில் கொடுக்கக் கூடாது, அதற்குள்தான் போடவேண்டும். முருகேசு விரலை விட்டுக் கிளறி எடுத்து, சாக்கில் துடைத்து, மூக்கடியில் ஒருதரம் பிடித்துப் பார்ப்பார். மீன் மணம் போயிருந்தால் அரிசி நிறுப்பார். போகாவிட்டால் காசுக் குத்தியைத் திருப்பித் தள்ளி, வடிவாகக் கழுவிக்கொண்டு நாளைக்கு வா என்பார். அந்தச் சொல்லில் கோபம் இராது. கோபம் இருந்தால் திருப்பி ஏசிவிட்டாவது போகலாம்.

இரத்தினம்மா பதினெட்டு வருஷமாக அந்தக் கோப்பைக்குள் காசு போட்டு வந்தவள். வல்வெட்டித்துறைக்கு மேற்கே கடற்கரையோடு வீடு. விடியக் கரைக்கு வருகிற சூடை மீனையும் ஓரா மீனையும் வாங்கிப் பனையோலைக் கடகத்தில் அடுக்கி, தலையில் சும்மாடு வைத்துத் தூக்கிக்கொண்டு இரண்டு கட்டை தூரம் உள்ளே நடப்பாள். வெங்காயத் தோட்டமும் புகையிலைத் தோட்டமும் வைத்திருக்கிற ஆட்களின் வாசல் படலைகளில் கூவி விற்று, மிச்சத்தோடு பின்னேரம் சந்தியில் குந்துவாள். வீடு திரும்பினால் முதல் வேலை கடகம் கழுவுவது, இரண்டாவது வேலை காசு கழுவுவது. சிரட்டையில் பழப்புளியைக் கரைத்துக் குத்திகளை ஊறப்போடுவாள். பிறகு ஒரு பிடி கடற்கரை மணலோடு சேர்த்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பாள். கையில் இருக்கிற மணம் சுடலையில் கட்டை ஏறினால்தான் போகும். காசில் இருக்கிறதையாவது போக்கவேண்டும், இல்லாவிட்டால் உலை கொதிக்காது.

அவளுடைய புருஷன் தம்பிஐயாவுக்குச் சொந்தமாக ஒரு வள்ளம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னர் வாடைக்காற்று தூக்கி முருகைக்கல்லில் அடித்ததில் அது நடுவால் பிளந்துபோயிற்று. அதற்குப் பிறகு வள்ள முதலாளியான சம்மாட்டியிடம் கூலி. மீன் பட்டால் பங்கு, படாவிட்டால் ஏச்சு. சோளகக் காற்றுக்காலம் தொடங்கினால் சம்மாட்டி வள்ளங்களையும் ஆட்களையும் லொறியில் ஏற்றி முல்லைத்தீவுக்குக் கொண்டுபோய் வாடி அடித்துவிடுவார். ஆறு மாதம் ஓலைக் கொட்டிலில் படுக்கை, உவர்த் தண்ணீர், நுளம்பு. போன சோளகத்தில் தம்பிஐயா மலேரியாவோடு திரும்பி வந்தான். லொறியில் இருந்து அவனை இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். மூத்த மகள் பராசக்தி தகப்பனை அடையாளம் தெரியாமல் படலையைச் சாத்தப் போனாள். ஆஸ்பத்திரியில் டொக்டர் அவன் வயிற்றை அமர்த்திப் பார்த்துவிட்டு, மண்ணீரல் இவ்வளவுக்கு வீங்கியிருக்கிறது, இன்னொருமுறை அந்தக் காய்ச்சல் வந்தால் என்னிடம் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

அதனால்தான் கப்பல் யோசனை. அந்தக் கரையில் நாலைந்து பேர் கிரேக்கர்களின் கப்பல்களில் வேலைக்குப் போய்க் கல்வீடு கட்டியிருந்தார்கள். தம்பிஐயா யாழ்ப்பாணத்தில் கப்பலுக்கு ஆள் எடுக்கிற ஏசண்டர் ஒருவரிடம் பதிந்து, கப்பல் புத்தகமும் எடுத்து, உடம்புச் சோதனையிலும் ஒருமாதிரித் தப்பியிருந்தான். இனி ஒரு கப்பலில் இடம் வரவேண்டும். சோளகம் அதற்கு முந்தி வந்துவிட்டது. சம்மாட்டியின் லொறிகள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை புறப்படுகின்றன என்று சொல்லியாயிற்று.

சந்தியில், தபாற்கந்தோர் மதிலோடு டெலிபோன் பெட்டி ஒன்று நின்றது. முந்தி இருந்த பெட்டி ஒரு அப்பாவி. கடற்கரை இளந்தாரிகள் வலைக்குக் கட்டுகிற ஈயத்தைத் தட்டித் தட்டி ரூபா அளவுக்கு வட்டமாக வெட்டிப் போட்டார்கள், அதுவும் காசென்று விழுங்கிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு லைன் கொடுத்தது. கந்தோர்க்காரர் திறந்து பார்த்தபோது உள்ளே ஒரு வலைக்குக் காணுமான ஈயம் கிடந்ததாம். அந்த வருஷம் தை மாதம் அதைக் கழற்றிவிட்டு வெளிநாட்டுப் பெட்டி ஒன்றைப் பூட்டினார்கள். அது ஆளை விடாது, காசைச் சோதித்துத்தான் எடுக்கும் என்று ஊரில் கதை.

திங்கட்கிழமை பின்னேரம் இரத்தினம்மா அதற்கு முன்னால் போய் நின்றாள். டெலிபோன் எடுப்பதற்கென்றே பவுடர் டின் ஒன்றில் சேர்த்து, மற்றக் காசோடு நாளும் கழுவித் தேய்த்துவந்த ஒரு ரூபாக் குத்திகள் ஏழு சேலைத் தலைப்பில் முடிந்திருந்தன. தேத்தண்ணிக் கடையில் நின்ற ஒருவர் நம்பரைச் சுழற்றிக் கொடுத்தார். அவள் முதல் குத்தியைப் போட்டாள். உள்ளே ஏதோ சரிவில் உருண்டு போகிற சத்தம் கேட்டது, ஒரு சின்னத் தட்டல், பிறகு குத்தி கீழே தட்டில் வந்து விழுந்தது. அடுத்ததும் அப்படித்தான். ஏழும் அப்படித்தான். கடைசியில் தேத்தண்ணிக் கடைக்காரன், "உதை விடணை, இந்தா இதைப் போடு" என்று கல்லாவுக்குள் இருந்து கறுத்துப்போன குத்தி ஒன்றை மாற்றிக் கொடுத்தான். அதைப் பெட்டி எடுத்துக்கொண்டது.

ஏசண்டர் கதைத்தார். கப்பல் கொழும்புக்கு வருகிறது, ஆள் தேவை என்ற தந்தி வியாழக்கிழமை வரும். இடம் ஒன்று, ஆட்கள் மூன்று பேர்.

"முதல் பேர் உங்கடை மனிசன்ரைதான். வியாழன் நாலுக்கும் ஐஞ்சுக்கும் இடையிலை எனக்கு ஒருக்கால் போன் அடியுங்கோ. வாறன் எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் காணும். ஐஞ்சு மட்டும் பாப்பன். அடிக்காட்டில் அடுத்தவனைப் பிடிச்சிடுவன். வெள்ளி மெயில் றெயினுக்கு ஆளை ஏத்தவேணும், பேந்து என்னைக் குறை சொல்லப்படாது."

இரத்தினம்மா வீட்டுக்கு நடந்து வரும்போது ஏசண்டரின் சொல்லைவிடப் பெட்டியின் செயல்தான் அவளுடைய மனதில் உருண்டுகொண்டிருந்தது. தேத்தண்ணிக் கடைக் காசு போனது, அவளுடைய காசு போகவில்லை. தேத்தண்ணிக் கடைக் காசில் என்ன இல்லை, அவளுடைய காசில் என்ன இருக்கிறது என்று யோசித்தால் அவளுக்கு ஒரு விடைதான் வந்தது. பதினெட்டு வருஷமாக அந்த விடையைத்தான் அவளுக்குச் சொல்லி வந்திருந்தார்கள்.

"உந்தப் பெட்டியும் முருகேசர் மாதிரித்தான்" என்று புருஷனுக்குச் சொன்னாள். "மணந்து பாத்துத்தான் எடுக்குது. நான் கழுவினது காணாது போல."

தம்பிஐயா அதை மறுக்கவில்லை. வெள்ளைக்காரன் செய்த சாமான், அவனுக்கு மீன் மணம் பிடிக்காதுதானே என்றான். வியாழக்கிழமை நேரிலேயே பஸ் ஏறி யாழ்ப்பாணம் போனால் என்ன என்றும் ஒருமுறை யோசித்தான். ஆனால் ஒரு நாள் கடலுக்குப் போகாமல் நின்றால் சம்மாட்டி உடனே வேறு ஆள் போட்டுவிடுவார். கப்பலும் சரிவராவிட்டால் முல்லைத்தீவும் இல்லை. ஒரு சொல்லுத்தானே, டெலிபோன் போதும். புதன்கிழமை ஹர்த்தால் செய்தியும் வந்தது. மறுநாள் பஸ் ஓடாது, கடை திறக்காது. பெட்டிக்கு ஹர்த்தால் இல்லைத்தானே என்று இரத்தினம்மா தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

அன்று பின்னேரம் வீட்டு முற்றத்தில் காசு தேய்த்தார்கள். இரத்தினம்மா முதலில் தேசிக்காய்ப் புளியில் ஏழையும் ஊறப்போட்டு எடுத்தாள். மூத்தவள் செங்கட்டியை இடித்துத் தூளாக்கிக் கொடுத்தாள். உள்ளங்கைத் தேய்ப்பு இதற்குக் காணாது என்று தம்பிஐயா கத்தி தீட்டுகிற கல்லை இழுத்து முன்னால் போட்டு, ஒவ்வொரு குத்தியாக எடுத்து, பெருவிரலால் அமர்த்திப் பிடித்து இழுத்தான். கயிறு இழுத்து மரத்துப்போன விரல், கல்லில் தோல் உரிந்தது அவனுக்குத் தெரியவில்லை. ஒரு பக்கம், மற்றப் பக்கம், பிறகு விளிம்பைச் சுற்றி. ஓரத்து வெட்டுக்களுக்குள்தான் அழுக்கு நிற்கும் என்று சொல்லி அந்த வெட்டுக்கள் மழுங்கும் வரைக்கும் உரஞ்சினான். கல்லில் இருந்து சாம்பல் நிறத் தண்ணீர் வடிந்தது. ஊத்தை போகிறது என்று மூவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஐயாவையும் உப்பிடி ஒருக்கால் தேய்ச்சு அனுப்பினால் கப்பல்காரன் மாப்பிள்ளையெண்டு எடுப்பான்" என்றாள் பராசக்தி.

"ஓமடி, கொம்மாவையும் தேய்ச்சிருந்தால் எனக்கு முந்தியே ஒருத்தன் எடுத்திருப்பான்" என்றான் தம்பிஐயா. இரத்தினம்மா ஈரக் கையால் அவன் முதுகில் ஒன்று போட்டாள். அந்த வீட்டில் அப்படிச் சிரிப்புக் கேட்டுக் கனநாள். குத்திகளை அவள் ஒவ்வொன்றாக மணந்து பார்த்தாள். தேசிக்காய் மணந்தது. மீன் ஒரு துளியும் இல்லை. பளபளவென்று புதுக்காசு மாதிரிக் கிடந்தன. இலச்சினை இருந்த இடத்தில் ஒரு நிழல்தான் தெரிந்தது.

வியாழக்கிழமை தம்பிஐயா மதியத்தோடு கடலுக்குப் போய்விட்டான். இரத்தினம்மா குளித்து, மீனுக்குக் கட்டாத சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, மூன்றரைக்கே சந்திக்கு வந்துவிட்டாள். கடைகள் முழுதும் பலகை போட்டிருந்தன. நடு றோட்டில் எரிந்த டயரின் கம்பி வளையம் கிடந்தது. சோளகம் மண்ணை வாரி மூஞ்சையில் அடித்தது. சந்தியில் நின்றது அவளும் இரண்டு மாடுகளும்தான். நம்பர் சுழற்றும் விதத்தை மகளிடம் படித்து வந்திருந்தாள். கோயில் மணி நாலு அடித்ததும் முதல் குத்தியைப் போட்டாள்.

உருண்டது, தட்டியது, கீழே விழுந்தது.

இரண்டாவது முன்னதைவிடக் கெதியாக விழுந்தது. மூன்றாவதைப் போட முன்னர் முந்தானையால் துடைத்தாள். நாலாவதை மூக்கில் வைத்து மணந்தாள். ஏழும் முடிந்து, திரும்ப ஏழையும் போட்டாள். மெதுவாகப் போட்டாள், தள்ளிப் போட்டாள், மறுபக்கம் திருப்பிப் போட்டாள். பெட்டியோடு ஒட்டி நிற்பதால் தன்னுடைய உடம்பு மணக்கிறதோ என்று நினைத்து, கையை மட்டும் நீட்டித் தள்ளி நின்றும் போட்டாள். பெட்டி ஒவ்வொன்றாகத் திருப்பித் தந்தது. அதுவும் முருகேசரைப் போலத்தான், கோபம் இல்லை.

ஹர்த்தாலால் அன்று மீன் விற்கவில்லை, வீட்டில் வேறு ரூபாக் குத்தியும் இல்லை. கடைக்குப் பின்னால் முருகேசுவின் வீடு. படலையில் தட்டினாள். அவருடைய பெண்சாதி பத்மாவதி கையில் சுளகோடு வந்து நின்றாள்.

"ஒரு ரூபாக் குத்தி ஒண்டு மாத்தித் தாறியளே அம்மா? ஒண்டுக்கு இரண்டு தாறன். அவசரமா ரெலிபோன் எடுக்கவேணும்."

பத்மாவதி இரண்டு விரலால் ஒன்றை வாங்கி வெய்யிலுக்குப் பிடித்தாள். பெருவிரலால் தடவினாள்.

"உதென்னடி? எழுத்தையும் காணேல்லை, ஒண்டையும் காணேல்லை. எங்கை எடுத்தனி?"

"கழுவினது அம்மா. உங்கடை கடைக்குக் கழுவிற மாதிரித்தான், கொஞ்சம் கூடத் தேய்ச்சது."

"கழுவினால் காசு உப்பிடியே போகும்? கள்ளக் குத்தி அடிக்கிறாங்கள் எண்டு உவையள் கதைச்சவை. எனக்கேன் வீண் வம்பு, அவரும் வீட்டிலை இல்லை. கொண்டுபோ."

படலை சாத்தப்பட்டது. அவள் சந்திக்கு ஓடி வந்தாள். இன்னும் இரண்டு வீடுகளில் கேட்டாள். ஒரு வீட்டில் நாய் விடவில்லை. மற்ற வீட்டில் சதக் குத்திகள்தான் இருந்தன, பெட்டி அதை எடுக்காது. றோட்டில் வந்த ஒரு சைக்கிளை மறித்தாள். புகையிலைக் கட்டு ஒன்றைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்த மனிதர், அவள் சொல்லி முடிக்க முதலே மடியை அவிழ்த்து ஒரு குத்தியை எடுத்துக் கொடுத்தார். மாற்றுக்கு அவள் நீட்டியதைப் பார்க்கவும் இல்லை. கெதியாகப் போ பிள்ளை என்று மட்டும் சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்துப் போனார்.

அந்தக் குத்தியில் புகையிலைத் தூளும் வியர்வையும் பிசுபிசுவென்று அப்பியிருந்தது. துடைக்கவும் நேரம் இல்லாமல் அப்படியே போட்டாள். பெட்டி எடுத்துக்கொண்டது.

"ஆர், தம்பிஐயான்ரை வீட்டுக்காரியே?" என்றார் ஏசண்டர். "ஐஞ்சு பத்து அக்கா இப்ப. ஐஞ்சு மட்டும் போனுக்குப் பக்கத்திலை குந்தியிருந்தனான். மற்றப் பெடியன் சரியா ஐஞ்சு மணிக்குப் போன் அடிச்சான், ஓமெண்டு சொல்லிப்போட்டன்."

அவள் காசு எடுபடவில்லை என்று சொல்லப் பார்த்தாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, காசு எடுபடாத பெட்டியில் இப்ப எப்படிக் கதைக்கிறியள் என்றார். வேறு கப்பல் எப்போது என்று அவள் கேட்டதற்கு, மாரிக்குப் பிறகு பார்ப்பம் என்று சொன்னார். லைன் அறுந்தது.

சனிக்கிழமை டெலிபோன் கந்தோர் ஆள் செபநாயகம் பெட்டியில் காசு எடுக்க வந்தான். மாதத்தில் ஒருமுறை வருவான், வந்தால் அவளிடம் முரல் மீன் வாங்காமல் போகமாட்டான். இரத்தினம்மா கடகத்தை விட்டுவிட்டு எழும்பிப் போய் ஏழு குத்திகளையும் அவனுடைய கையில் கொட்டினாள். இதை ஏன் எடுக்கவில்லை என்று கேள் உன்னுடைய பெட்டியை என்றாள்.

செபநாயகம் ஒன்றை எடுத்துப் பார்த்தான். பெட்டியின் முன்பக்கத்தைத் திறந்து காட்டினான். உள்ளே ஒரு சரிந்த வாய்க்கால். அதன் இரண்டு பக்கமும் மெல்லிய செப்புக் கம்பியை நூற்பந்து மாதிரிச் சுற்றி வைத்திருந்தது.

"இதுக்குள்ளை கொஞ்சக் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கு அக்கா. குத்தி இரண்டுக்கும் நடுவாலை உருளேக்கை அந்தக் கரண்ட் குழம்பும். எவ்வளவு குழம்புது எண்டதைத்தான் இது அளக்குது. தடிப்புக் குறைஞ்சால் ஒரு மாதிரிக் குழம்பும், ஈயமெண்டால் இன்னொரு மாதிரி. புதுக் குத்தி பத்துப் போட்டு அளவு பிடிச்சு வைச்சிருக்கிறம். முந்தியெண்டால் கொஞ்சம் கூடக்குறைய விட்டுக் குடுக்கும். உங்கடை பெடியள் ஈயம் போட்டபடியாலை இதிலை இறுக்கித்தான் வைக்கச் சொன்னவை."

"மணம்?" என்றாள்.

"என்ன மணம்?"

"மீன் மணம். அதை எதாலை பிடிக்குது?"

செபநாயகம் சிரித்துவிட்டான். "உதுக்கு மூக்கில்லை அக்கா. செதிலோடை போட்டாலும் உதுக்கொண்டும் இல்லை. நம்பாட்டில் போட்டுப் பாரன்."

அவள் இடுப்புப் பையில் இருந்து அன்று காலை விற்ற காசில் ஒரு ரூபாயை எடுத்தாள். சூடையின் செதில் ஒன்று அதில் ஒட்டிக் காய்ந்திருந்தது. போட்டாள். உருண்டது, உள்ளே போனது. கீழே விழவில்லை.

செபநாயகம் அவளுடைய ஏழு குத்திகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, பக்கத்தில் பெட்டிக் காசில் ஏழை எடுத்து அடுக்கிக் காட்டினான். அவளுடைய அடுக்கு ஒரு குத்தி அளவுக்குப் பதிந்து நின்றது. வருஷக் கணக்காகக் கழுவித் தேய்ந்தது ஒரு பக்கம், இது கல்லில் வைத்து இழுத்தது போலவும் கிடக்கிறது என்றான். கழுவாமல் சும்மா விட்டிருந்தாலே எடுத்திருக்கும் என்றும் சொன்னான்.

"ஆர் இழுத்தது? நல்ல பலமான கை அக்கா."

"வீட்டிலைதான்" என்றாள்.

அவன் முரல் கேட்டான். அவள் நிறுத்துக் கொடுத்தாள். அவன் தந்த காசைப் பையில் போட்டுக்கொண்டு மிச்ச மீனை விற்கக் குந்தினாள். நாலு பேர் விலை கேட்டார்கள். ஒருவருக்கும் அவள் சரியான விலை சொல்லவில்லை.

ஞாயிறு விடிய லொறி வரும். தம்பிஐயா வியாழன் இரவு கடலால் வந்து விஷயத்தைக் கேட்ட நேரத்திலிருந்து சாப்பாட்டில் கை வைக்கவில்லை. ஏசவும் இல்லை. அவளைப் பார்க்கிற நேரம் எல்லாம் அவன் கேட்டது ஒன்றுதான். நான் விளிம்பைச் சரியாகத் தேய்க்கவில்லையோ, நேரம் காணாமல் அவதிப்பட்டுத் தேய்த்தேன், இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்திருந்தால் எடுத்திருக்குமோ என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். சனி பின்னேரம் அவள் வந்தபோது பாயைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரி தந்த குளிசைச் சரை.

"கந்தோர்ப் பெடியன் வந்தவனாமே? கேட்டனியே?"

இரத்தினம்மா கடகத்தைச் சரித்து வைத்தாள். மகள் அடுப்படியில் நின்றாள். அவன் கட்டுக் கயிற்றைப் பல்லால் இழுத்து முடிந்துகொண்டிருந்தான். பெருவிரலில் உரிந்த தோல் இன்னும் பொருக்குக் கட்டவில்லை.

"ஓம். கேட்டனான்."

"என்னவாம்?"

"பழுதாம் இஞ்சருங்கோ. உள்ளுக்கை கம்பி ஏதோ அறுந்து கிடந்ததாம். ஆர் போட்டாலும் எடாதாம்."

அவன் கயிற்றை விட்டுவிட்டு அவளைப் பார்த்தான்.

"பழுதோ?"

"ஓம்."

"அப்ப தேய்ச்சதிலை பிழையில்லை."

"இல்லை."

தம்பிஐயா பாய்க்கட்டை ஒரு பக்கம் தள்ளி வைத்தான். பிறகு எழும்பிப் போய்க் கைகழுவி வந்து, பசிக்குது, புட்டு இருக்கோ என்று மகளைக் கேட்டான். இரண்டுதரம் போட்டுச் சாப்பிட்டான். சூடைக் குழம்பில் முள்ளையும் சப்பித் துப்பினான்.

விடிய லொறி வந்து ஒழுங்கைத் தலைப்பில் கோன் அடித்தது. வலைக் குவியலுக்கு மேலே பத்துப் பன்னிரண்டு பேர் ஏற்கெனவே குந்தியிருந்தார்கள். தம்பிஐயா பாயை எறிந்துவிட்டுப் பின்பலகையில் கால் வைத்து ஏறினான். ஏறும்போது மூச்சு வாங்கியது. கப்பல் என்ன மாதிரி, கைவிட்டிட்டுதோ என்று மேலே இருந்து ஒருவன் நக்கலாகக் கேட்டான். லொறி வெளிக்கிட்டது. ஒழுங்கையில் நின்ற இரத்தினம்மாவுக்கு, புருஷன் வலைக்கு மேலே நிமிர்ந்து இருந்துகொண்டு எல்லாருக்கும் கேட்கச் சொல்வது கேட்டது.

"பெட்டி பழுதடா. எங்கடை காசிலை ஒரு குறையும் இல்லை."